34 குதிரையும் ஒரே தடுப்பும்

கேள்வி: நான் கோவையில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். சின்ன வயதில் அப்பாவோடு ஊட்டி ரேஸுக்குப் போன பழக்கம் உண்டு. பணம் கட்டியதில்லை, குதிரை பார்க்கத்தான் போவோம். என் மகள் லிவர்பூலில் படிக்கிறாள். 2025 ஏப்ரலில் தோழிகளோடு எயின்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல் என்ற தடுப்பு தாண்டும் குதிரைப் பந்தயம் பார்க்கப் போயிருக்கிறாள். 34 குதிரைகள் ஓடினவாம். முடியும் நேரத்தில் ஒரு குதிரை சரிந்துவிட்டது, மருத்துவர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். அன்று இரவு போன் செய்து, "ஊட்டியில பத்துப் பன்னிரண்டு ஓடும்னு சொல்வீங்களே, இங்க ஏம்ப்பா இத்தனை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. எண்ணிக்கைதான் காரணமா? அப்படியென்றால் பாதியாகக் குறைத்துவிட வேண்டியதுதானே? அவள் அங்கே போனதே தப்பு என்கிறாள் அவள் அம்மா. நீங்கள் குதிரை மருத்துவர், சொல்லுங்கள். (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் பார்த்தது செலெப்ர் டாலென் என்ற குதிரையாகத்தான் இருக்க வேண்டும். வயது 13. பந்தயக் குதிரைக்கு அது தாத்தா வயது. ஓட்டத்தின் பின்பகுதியில் முன்வரிசையில் இருந்த குதிரை, திடீரென்று தளர்ந்து, முடிவுக்குக் கிட்டே நிறுத்தப்பட்டு, அப்புறம் சரிந்தது. சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளில் இறந்துவிட்டது. இனித் தர ஒன்றுமில்லாத குதிரையைத் தொடர்ந்து ஓட்டினார் என்று ஜாக்கிக்கு 10 நாள் தடையும் விதித்தார்கள்.

அந்தக் குதிரையை எதுவும் இடிக்கவில்லை. எதன்மேலும் தடுக்கி விழவும் இல்லை. கூட 33 குதிரை ஓடியது அதன் சாவுக்குக் காரணமில்லை. ஏறக்குறைய 6.9 கிலோமீட்டர், 30 தாண்டல்கள். பத்தே குதிரை ஓடியிருந்தாலும் அதற்கு அதே கதி வந்திருக்கலாம். ஆனாலும் உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. தவறான குதிரையைப் பார்த்துச் சரியான கேள்வி கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

கூட்டம் ஒரு குதிரையை எப்படிச் சாய்க்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்தது பல வருஷம் முன்பு. நம் நாட்டு மைதானம் ஒன்றில் ட்யூட்டியில் இருந்தேன். தடுப்பு எதுவும் இல்லாத சமதரை ஓட்டம், 14 குதிரைகள். வளைவில் எல்லாம் உள்பக்க வேலிக்கம்பியை நோக்கி ஒதுங்கும்போது நடுவிலிருந்த ஒரு குதிரை சட்டென்று மூக்கு குத்தி விழுந்தது. பின்னால் வந்த இரண்டு அதைத் தாண்டிப் போயின. மூன்றாவதற்குப் போக இடமில்லை, அதுவும் விழுந்தது. ஒரு ஜாக்கிக்குக் காறை எலும்பு முறிவு. குதிரைகள் இரண்டும் எழுந்துகொண்டன, அன்றைக்கு எங்கள் நல்ல நேரம். சாயங்காலம் லாயத்தில், முன்னால் ஓடிய குதிரையின் பின்னங்காலைத் தூக்கி அதைக் கவனிக்கும் குதிரைக்காரர் எனக்குக் காட்டினார். குளம்புக்கு மேலே குதிகால் பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. பின்னால் வந்து முதலில் விழுந்த அந்தக் குதிரையின் முன்லாடம் உரசிய இடம். மொத்த விபத்தும் அந்த நகம் அளவுக்குள்தான் நடந்திருந்தது. முன்னால் ஓடிய குதிரைக்கு எதுவும் தெரியாது, அது பாட்டுக்குக் கொள்ளு தின்றுகொண்டிருந்தது.

கணக்கு எளிது. முழு வேகத்தில் பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் போகும், நொடிக்கு 16, 17 மீட்டர். குதிரையின் உடல் நீளம் இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போவது விழுந்தால், ஒரு உடல் நீள இடைவெளியில் பின்னால் வருவதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் ஜாக்கி பார்த்து, முடிவெடுத்து, 500 கிலோ உடம்பைத் திருப்ப வேண்டும். பக்கத்தில் இடம் இருந்தால் குதிரையே பார்த்துக்கொள்ளும். கீழே கிடக்கும் எதையும் மிதிக்காமல் தாண்ட அது தன்னால் முடிந்ததையெல்லாம் செய்யும். இரு பக்கமும் குதிரை இருந்தால்தான் வழியில்லை.

தடுப்பு தாண்டும் ஓட்டத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பவை. பக்கங்களிலும் பின்னாலும் நம்மைவிட எவ்வளவோ அதிகம் பார்க்கும். ஆனால் நெற்றிக்கு நேர் எதிரே, மூக்குக்குக் கீழே அதற்குப் பார்வை கிடையாது. அதனால் தடுப்பைத் தூரத்திலேயே பார்த்து, எத்தனை எட்டில் எங்கே எழும்ப வேண்டும் என்று அளந்துகொண்டுதான் வரும். கிட்டே வந்ததும் தடுப்பு பார்வையிலிருந்து நழுவிவிடும். முன்னால் நாலைந்து குதிரைகளின் பின்புறம் மறைத்துக்கொண்டிருந்தால் அந்த அளவே எடுக்க முடியாது. ஜாக்கிக்கும் தெரியாது. (அதுபோக, குதிரைக்கு ஆரஞ்சும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிரிட்டனில் ரொம்ப காலம் தடுப்பின் அடிப்பலகைக்கு ஆரஞ்சுதான் பூசிவந்தார்கள், புல் மேல். சில வருஷம் முன்புதான் வெள்ளைக்கு மாற்றினார்கள். யாருடைய கண்ணுக்காக அதுவரை ஆரஞ்சு பூசினார்கள் என்று கேட்காதீர்கள்.)

இப்போது எயின்ட்ரீயின் பழைய கதைகளைக் கேளுங்கள். 1929-ல் அங்கே 66 குதிரைகளை ஓடவிட்டார்கள். அதற்கு முந்தைய வருஷம் 42 ஓடி, முடித்தது இரண்டே இரண்டு. அந்த இரண்டில் ஒன்றும் கடைசித் தடுப்பில் விழுந்து எழுந்து வந்ததுதான். 42 எப்படி இரண்டானது? கனால் டர்ன் என்ற தடுப்பைத் தாண்டியதும் இடப்பக்கம் செங்குத்தாகத் திரும்ப வேண்டும். அங்கே முன்னணியில் வந்த ஒரு குதிரை சிக்கிக்கொள்ள, பின்னால் வந்த கூட்டம் அதன்மேல் போய்க் குவிந்தது.

இதைவிடப் பெயர்பெற்ற கதை 1967. ஓடியவை 44. ஜாக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்த பாப்பம் டௌன் என்ற குதிரை, 23-வது தடுப்புக்கு முன் வந்ததும் தாண்ட மனமில்லாமல் குறுக்கே திரும்பியது. மைதானத்தில் உயரம் குறைந்த தடுப்புகளில் ஒன்று அது, வெறும் நாலரை அடி. முன்னால் வந்தவை நின்றன, பின்னால் வந்தவை அவற்றின்மேல் மோதின. தடுப்பின் இந்தப் பக்கம் திருவிழா முடிந்த பஸ் ஸ்டாண்ட் போல ஆகிவிட்டது. ஃபோய்னாவன் என்ற குதிரை ரொம்பப் பின்தங்கி வந்தது. அதன் ஜாக்கிக்குப் பார்க்க நேரம் இருந்தது. ஓரமாக ஒரு சந்தைப் பிடித்துத் தாண்டிப் போய்விட்டார், பந்தயத்தையும் ஜெயித்துவிட்டார். ஒன்றுக்கு 100 விலை போன குதிரை. எல்லோரும் கட்டிய பணத்தைச் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் டோட்டில் ஒன்றுக்கு 444 கொடுத்தது. 1984-ல் அந்தத் தடுப்புக்கே ஃபோய்னாவன் பெயரை வைத்தார்கள். வேடிக்கைக் கதையாகத்தான் இதைச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. நன்றாக ஓடிய எல்லாக் குதிரையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டன. மந்தமான குதிரைக்கு இடமும் நேரமும் கிடைத்தன. கூட்டத்தின் ஆபத்து என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்தப் பந்தயத்தைத்தான்.

தடுப்பே இல்லாத இடத்திலும் இது நடக்கும். 1962-ல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் 26 குதிரைகள். இறக்கத்தில் நெருக்கியடித்து வரும்போது 7 குதிரைகள் விழுந்தன, ஒன்றைக் கொல்ல வேண்டியதாயிற்று.

சரி, எயின்ட்ரீக்கு வருகிறேன். 1984-ல் அங்கே 40-க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 1989-ல் பீச்சர்ஸ் புரூக் தடுப்பில் இரண்டு குதிரைகள் செத்த பிறகு, அதன் இறங்கு பக்கத்துப் பள்ளத்தைத் திருத்தினார்கள். 2011-ல் இரண்டு, 2012-ல் இரண்டு என்று மீண்டும் சாவு. 2013-ல் தடுப்புகளுக்குள் இருந்த மரச்சட்டத்தை எடுத்துவிட்டு, இடித்தால் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கை வைத்தார்கள். 2023-ல் ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை முதல் தடுப்பிலேயே விழுந்து செத்தது. அந்த வருஷம் எதிர்ப்பாளர்கள் மைதானத்துக்குள் புகுந்து பந்தயமே தாமதமாகத் தொடங்கியது. உலகம் முழுக்கச் செய்தி.

அதே வருஷம் அக்டோபரில், மைதானத்தை நடத்தும் ஜாக்கி கிளப் ஒரு பட்டியலை அறிவித்தது. 40 என்பது 34 ஆனது. எல்லோரும் பேசியது இதைத்தான். ஆனால் மருத்துவன் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று: முதல் தடுப்பைத் தொடக்கக் கோட்டுக்கு 60 கஜம் கிட்டே கொண்டுவந்தார்கள். ஏன் தெரியுமா? ஓட நீளம் கிடைத்தால் எல்லாக் குதிரையும் உச்ச வேகம் பிடித்து, ஒரே நேரத்தில், ஒரே வரிசையாக முதல் தடுப்புக்குப் போய்ச் சேரும். தூரத்தைக் குறைத்தால் அந்த வேகம் வராது. ஓடிவந்து புறப்படாமல் நின்ற நிலையிலிருந்து கிளம்ப வேண்டும் என்றும் விதி வைத்தார்கள், காரணம் அதேதான். 11-வது தடுப்பின் உயரத்தை 2 அங்குலம் குறைத்தார்கள். குதிரைக்கு வேண்டிய குறைந்தபட்ச ரேட்டிங்கை, அதாவது திறமைக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணை, 125-லிருந்து 130-க்கு ஏற்றினார்கள்.

ஓடும் குதிரைகளின் எண்ணிக்கைக்கும், விழுவது, ஜாக்கியைத் தூக்கிப் போடுவது, இன்னொன்றால் சாய்க்கப்படுவது ஆகியவற்றுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று அப்போது அவர்களே சொன்னார்கள். ஆக, எண்ணிக்கை காரணமா என்ற உங்கள் முதல் கேள்விக்குப் பந்தயத்தை நடத்துகிறவர்களே ஆமாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2024-ல் 32 ஓடின. 21 முடித்தன. 7 குதிரைகளை ஜாக்கிகளே நிறுத்திக்கொண்டார்கள், 4 பேர் சேணத்திலிருந்து விழுந்தார்கள். குதிரை ஒன்றுகூட விழவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பந்தயத்தை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பந்தயம் முடிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டேன், அது உண்மை.

பாதியாக்க வேண்டியதுதானே என்கிறீர்கள். மாட்டார்கள். பணம். நம் ஊர் ரேஸில் பிளேஸ் கட்டுவது, அதாவது முதல் சில இடங்களுக்குள் வரும் என்று கட்டுவது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரிட்டனில், திறமைக்கேற்ப எடை ஏற்றி ஓடவிடும் ஹேண்டிகேப் பந்தயத்தில் 16 குதிரையோ அதற்கு மேலோ ஓடினால் நாலாவது இடம் வரைக்கும் காசு உண்டு. பாதி என்றால் 17, இரண்டு விலகினாலே 16-க்குக் கீழே போய் அந்த இடங்களும் குறையும், கட்டுகிறவனுக்கு ஆசையும் குறையும். அதோடு கிராண்ட் நேஷனல் என்பது அங்கே வருஷத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ரேஸ் பார்க்கும் ஜனங்களுக்கான பந்தயம். ஆபீஸில் சீட்டு எழுதிக் குலுக்கி ஆளுக்கொரு குதிரை எடுத்துக்கொள்வார்கள். 40 பேர் இருக்கும் ஆபீஸில் 34 சீட்டு என்றால் ஆறு பேருக்கு வருத்தம். சிரிக்காதீர்கள், இந்த மாதிரிக் காரணங்களுக்கும் எடை உண்டு. 34 என்பது சோதனைச் சாலையில் கண்டுபிடித்த எண் என்று நான் நினைக்கவில்லை. குதிரை பிழைக்க வேண்டும், கூட்டமும் வர வேண்டும், இரண்டுக்கும் நடுவில் பேரம் பேசி வந்த எண். என்னைக் கேட்டால் இன்னும் நாலைந்து குறைக்கலாம். பத்தாக்கினால்தான் சரி என்று சொல்ல மாட்டேன். எயின்ட்ரீ அகலமான மைதானம், அங்கே வருபவை பல வருஷம் தாண்டிப் பழகிய முதிர்ந்த குதிரைகள்.

எனக்கு அதைவிட உறுத்துவது அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி. தடுப்பு கிடையாது, ஒன்றேகால் மைல்தான். ஆனால் 20 குதிரைகள், எல்லாம் மூன்று வயது. பெரும்பாலானவை வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஓடியதே இல்லை. 1974-ல் 23 ஓடியதைப் பார்த்துத்தான் 20 என்று நிறுத்தினார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, பெரும்பாலும் அதே வகைக் குதிரைகளுக்கு நடக்கும் ப்ரீக்னெஸ் பந்தயத்தில் வரம்பு 14. அங்கே 14 போதும் என்றால் இங்கே ஏன் 20? யாரும் எனக்குத் திருப்தியான பதில் சொன்னதில்லை. குதிரைகளைப் பெட்டி பெட்டியாக நிறுத்திக் கிளப்பும் கேட்டில், பல வருஷம் 14 பெட்டி கேட்டையும் 6 பெட்டி கேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றினார்கள். இரண்டுக்கும் நடுவில் சந்து இருக்கும். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கிளம்பும் குதிரைகள் அதை நோக்கிச் சாயும். 2020-ல்தான் 20 பெட்டியுள்ள ஒரே கேட் வந்தது. 2019-ல் முதலில் வந்த மாக்ஸிமம் செக்யூரிட்டி, வளைவில் விலகி மற்றவற்றின் வழியை மறித்தது என்று 20 நிமிஷத்துக்கு மேல் படம் போட்டுப் பார்த்துத் தகுதிநீக்கம் செய்தார்கள். பின்னால் வந்த ஒரு குதிரையின் கால் அதன் பின்னங்காலோடு பின்னிக்கொள்ள மயிரிழைதான் பாக்கி. நான் சொன்ன அந்த நக அளவு உரசல் அன்றைக்கு நடந்திருந்தால்? அந்தக் காட்சியை இப்போது பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள். சமதரை ஓட்டத்தில் கால் முறியும் குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு எலும்பில் ஏற்கனவே நுண்ணிய விரிசல்கள் இருக்கும். ஓடி ஓடி, ஓய்வில்லாமல் சேர்ந்தவை. தனியாக ஓடினாலும் ஒரு நாள் முறியும். 2023-ல் டெர்பி நடக்கும் அதே சர்ச்சில் டௌன்ஸில் சில வாரத்துக்குள் 12 குதிரைகள் இறந்தன, பந்தயங்களையே வேறு மைதானத்துக்கு மாற்றினார்கள். அந்த 12-ல் ஒன்றுகூட டெர்பியில் ஓடிச் செத்ததில்லை.

குதிரைக்கு முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது. எலும்பு, நாண், தோல், அவ்வளவுதான். ரத்த ஓட்டமும் குறைவு. முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கப் போட முடியாது. மற்ற மூன்று காலில் எடையைத் தாங்கி நிற்கும், நின்றால் அந்தக் குளம்புகளுக்குள் அழற்சி வந்துவிடும். பார்பரோ என்ற குதிரை 2006 ப்ரீக்னெஸில் கால் முறிந்து, அறுவைசிகிச்சை செய்து, மாதக்கணக்கில் போராடி, கடைசியில் குளம்பு அழற்சியால்தான் போனது.

எலும்பு விரிசல் என்ற நோய்க்கு மருந்து வேறு. காலையில் லாயத்தில் முன்னங்காலைக் கையால் மேலிருந்து கீழே தடவிப் பார்ப்பேன். ஒரு இடத்தில் சூடு கூடுதலாக இருந்தால் அன்றைக்கு ஓடக் கூடாது. கைக்குத் தெரியாததைப் படம் காட்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பையில் 24 குதிரைகள் ஓடும். 2020-ல் ஆன்டனி வான் டைக் என்ற குதிரை கால் முறிந்து செத்த பிறகு அவர்கள் அந்த 24-ஐத் தொடவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும் குதிரைகளுக்குக் காலை சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் அனுமதி என்றார்கள். எலும்பு விரிசலுக்கு அது சரியான மருந்து. நெரிசலுக்கு ஸ்கேன் உதவாது, எண்ணிக்கையைக் குறைத்தால்தான் உண்டு. செலெப்ர் டாலெனுக்கு வந்த களைப்புக்கு இரண்டுமே உதவாது. அங்கே ஜாக்கியின் கைதான் மருந்து, நேரத்தோடு கடிவாளத்தை இழுக்கும் கை.

உங்கள் வீட்டம்மாவுக்கு நான் எதிர்வாதம் செய்யப் போவதில்லை. குதிரை சாகும் விளையாட்டைப் பார்க்க வேண்டாம் என்பது நியாயமான பேச்சு. நானே சில பந்தயங்களைப் பார்ப்பதில்லை. ஆனால் மகள் போனது தப்பு என்றும் எனக்குத் தோன்றவில்லை. போய்வந்த இரவே இப்படிக் கேட்டிருக்கிறாளே.

அடுத்த ஏப்ரலில் அவள் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, முடிவுப் பட்டியலை மட்டும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிக்காத குதிரைக்கு நேரே ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எஃப் என்றால் தானாக விழுந்தது. யூ என்றால் ஜாக்கி விழுந்தார். அப்புறம் ஒரு பி இருக்கும், இன்னொரு பி இருக்கும். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, அதனால் அவளிடம் பிரித்துச் சொல்லுங்கள்: ஆங்கில அகரவரிசையில் இரண்டாவதாக வரும் பி, மற்றொரு குதிரையால் சாய்க்கப்பட்டது. பதினாறாவதாக வரும் பி, ஜாக்கி நிறுத்திக்கொண்டது. கூட்டம் அதிகமா என்பதை முதல் பி சொல்லும். களைத்த குதிரையை வீட்டுக்குக் கூட்டிப்போகத் தெரிந்த ஜாக்கிகள் எத்தனை பேர் என்பதை இரண்டாவது பி சொல்லும். முதலாவது பூஜ்யமாகவும் இரண்டாவது நிறையவும் இருக்கும் வருஷம் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.